எழுநூற்றுப் பத்தொன்பதாவது படம்

தலையை எண்ணாமல் நான் அட்டை வெட்டுவதில்லை. பிரேம் கடை வைத்த புதிதில் ஒரு குடும்பப் படம் வந்தது. படத்தைச் சுற்றி வைக்கிற ஜன்னல் அட்டையை ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டுவிட்டேன், ஓரத்தில் நின்ற மருமகள் அதற்குள் போய்விட்டாள். மாமியார் சொல்லித்தான் நான் அவளை மறைத்தேன் என்று வாசலில் வந்து நின்று அவள் அழுத அழுகை இருக்கிறதே, அதோடு எனக்குப் புத்தி வந்தது. அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் எத்தனை பேர் என்று முதலில் கேட்பேன். எண்ணிப் பார்ப்பேன். வேலை முடிந்ததும் பிரேமின் முதுகில் பென்சிலால் இத்தனை பேர் என்று எழுதித் தேதி போட்டுவிட்டுத்தான் கடைசி ஆணியை அடிப்பேன். "ஆடு மாடா எண்ணுறீங்க?" என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும், எனக்கென்ன.

பக்கத்துக் கடை ஸ்டுடியோ. எங்களுக்கு நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அங்கே இருமினால் இங்கே நான் தண்ணீர் குடிக்கலாம். ஸ்டுடியோக்காரனை பிளாஷ் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு வார்த்தையைப் பளிச்சென்று சொல்வான், அடுத்த வார்த்தைக்கு சார்ஜ் ஏறக் காத்திருக்க வேண்டும். அவன் மனைவி ஆல்பம்காரி. படம் எடுப்பது மட்டும்தான் அவன் வேலை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகம் திருத்துவது, ஆல்பம் கோப்பது, வந்தவர்களிடம் குழைவது, வராதவர்களைத் திட்டுவது எல்லாம் அவள்.

அவளுடைய அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பேச்சில் அவர் பெயரே பரிசோதகர்தான். போட்டோ எடுக்கிறவனை மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள் என்று பதினாலு வருடம் அவள் முகத்தில் விழிக்காமல் இருந்தவர். பேத்தி பிறந்த செய்தியைச் சொல்லப் போனவரிடம், "ராங் நம்பர்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாராம். நேரில் வந்த ஆளிடம் ராங் நம்பர் என்று சொல்லத் தெரிந்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மழை பிடித்துக்கொண்ட அந்த மாதத்தில் ஆல்பம்காரியின் அண்ணன் புது வீட்டுக்குக் குடி போனார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் கூப்பிட்டார். பரிசோதகரும் வருகிறார், வந்தால் வா என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார். போனார்கள். மறுநாள் காலையில் கடை திறந்ததும் திறக்காததுமாக அவள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, எங்கப்பா என் பக்கத்துல நின்னாரு."

"என்னடி சொல்ற? பேசினாரா?"

"பேசல. நின்னாரு. குடும்பமா ஒரு படம் எடுத்துக்கலாம்னு அண்ணன் எல்லாரையும் ஹால்ல நிக்க வச்சாரு. எனக்கு முழங்கால் வலின்னு ஓரத்துல நாற்காலி போட்டாங்க. அப்பா பால்கனியில நிக்கிறாரு. ரெண்டு தரம் கூப்பிட்டுப் பாத்தாங்க, அசையல. சரி போகட்டும்னு நானும் விட்டுட்டேன். அப்புறம் ஷூ சத்தம் கேக்குது, கிறீச் கிறீச்னு. வீட்டுக்குள்ளயும் ஷூ கழட்டாத ஆளு அவர் ஒருத்தர்தான். வந்து என் நாற்காலிக்கு அந்தாண்ட நின்னாரு. இருமல் மிட்டாய் வாசம் வருது."

"திரும்பிப் பாத்தியா?"

"பாக்கல. பாத்தா போயிருவாரோன்னு பயம். மூச்சக்கூட மெதுவா விட்டேன்."

"எவ்வளவு நேரம் நின்னாரு?"

"நாலு படம். நாலு கிளிக் எண்ணினேன். கடைசிப் படத்துக்கு முன்னாடி, கேமராவப் பிடிச்சிட்டு நின்ன இவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'மாமா, இன்னும் ஒண்ணே ஒண்ணு'ன்னாரு. இத்தனை வருஷத்துல அப்படிக் கூப்பிட இவருக்கு வாய் வந்ததே இல்லக்கா. கூப்பிட ஆளும் எதிர்ல வந்ததில்ல. அதக் கேட்டப்புறம் அந்த ஒரு கிளிக்கத் தவிர எனக்குக் காதுல வேற எதுவுமே விழல."

அவளுக்கு நாற்பதை நெருங்குகிற வயது. ஆனால் அன்று பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றாள். மொத்தம் பதினொரு பேர் என்றும், பெரிய பிரேமாகப் போட வேண்டும் என்றும், அப்பா நிற்கிற பக்கம் அட்டையை ஒட்டி வெட்டிவிடாதே என்றும் எனக்கு ஆயிரம் உத்தரவு. படத்தைக் காட்டு என்றேன். மழையில் கரண்ட் போயிருந்தது, கேமராவின் மெமரி கார்டை இன்னும் கம்ப்யூட்டரில் இறக்கவில்லை. சாயங்காலம் பார்க்கலாம் என்றாள். சாயங்காலமும் கரண்ட் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் போன் வந்தது. ஷூ லேஸ் கட்டக் குனிந்த பரிசோதகர் நிமிரவில்லை.

மகளோடு அண்ணன் வீட்டுக்குப் போன ஆல்பம்காரி ஒரு வாரம் அங்கேயே இருந்தாள். பிளாஷ் மட்டும் போவதும் வருவதுமாக இருந்தான். அந்த வாரத்தில்தான் அவன் படத்தை இறக்கி லேபில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு வாங்கி வந்தான். அண்ணன் அவசரப்படுத்தினாராம். கவரை என் மேஜையில் வைத்தான்.

"எத்தனை பேர்?" என்றேன்.

"எண்ணிக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனான்.

நான் அன்றே எண்ணியிருக்கலாம். மழை ஈரத்தில் அட்டைகள் அப்பளமாக நெளிந்துகொண்டிருந்தன. அவற்றை அடுக்கிக் கண்ணாடிப் பலகையைப் பாரம் வைக்கவே நேரம் சரியாக இருந்தது. மறுநாள் காலையில்தான் கவரைப் பிரித்தேன். அதே நேரம் ஆல்பம்காரி ஊதிய முகத்தோடு உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததும் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டியவள், பழக்க தோஷம், வாயைக் கொடுத்தேன்.

"பதினொண்ணுன்னியே. பத்து தலைதானே இருக்கு?"

அவள் படத்தை வாங்கவில்லை. மேஜையில் கிடந்தபடியே அதைக் குனிந்து பார்த்தாள். இடது ஓரத்திலிருந்து விரலை வைத்து ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு வந்தாள். அண்ணி, அண்ணன், அவர் பையன்கள் இரண்டு பேர், அத்தை, தங்கை, தங்கை வீட்டுக்காரர், அவர்கள் குழந்தை, தன் மகள், தான். விரல் அவள் முழங்கைக்கு வந்தது. அதற்குப் பிறகு பேப்பர் முடிந்திருந்தது. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள்.

"லேப்காரன் வெட்டிட்டான்" என்றாள். "ஓரத்த வெட்டிட்டான் மடையன்."

நிமிர்ந்து ஸ்டுடியோவுக்கு ஓடினாள். நான் கையில் இருந்த ஸ்கேலோடு பின்னாலேயே போனேன். பிளாஷ் திரைக்குப் பின்னால் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் கம்ப்யூட்டரைத் தட்டினாள். எழுநூற்றுப் பதினாறு. எழுநூற்றுப் பதினேழு. எழுநூற்றுப் பதினெட்டு. மூன்றிலும் வலது ஓரம் அவள் முழங்கையோடு நின்றது.

"ஏங்க, அப்பா எங்க?"

அவன் துணியை மடித்தான். பிரித்தான். "பழைய லென்ஸ்" என்றான்.

"அதுக்கென்ன?"

"புது கேமரா ஃபுல் பிரேம், படம் பதியிற சென்சார் அதுல பெருசு. லென்ஸ் சின்ன கேமராவுது. சின்ன சென்சாருக்குன்னே செஞ்சது. வெளிச்சத்த வட்டமாத்தான் போடும், அந்த வட்டம் பெரிய சென்சாருக்குப் பத்தாது. அதனால க்ராப் ஆன்ல இருந்தா கேமரா நடுவுல இருக்கறத மட்டும் பதிஞ்சுக்கும். கண்ணு வச்சுப் பாக்கையில எல்லாரும் தெரிவாங்க. உள்ள மெல்லிசா ஒரு கோடு கட்டம் கட்டியிருக்கும். கட்டத்துக்கு வெளிய நிக்கிறவங்க படத்துல வரமாட்டாங்க. நான் கட்டத்தப் பாக்கல. ஆளப் பாத்தேன்."

பதினைந்து வருடப் பழக்கத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பெரிய சட்டிக்குச் சின்ன மூடி போட்ட கதை என்று எனக்கு விளங்கியது. கேமராவை வாங்கிய கையோடு அதற்கு ஏற்ற லென்ஸும் வாங்க அவர்களால் முடியவில்லை. பழையது வாயில் பொருந்துகிறதே, ஓடுகிற வரை ஓடட்டும் என்று மாட்டியிருந்தார்கள்.

"பின்னாடி தள்ளி நின்னு எடுக்கறதுக்கு என்ன?" என்று நான் பாய்ந்தேன்.

"பின்னாடி சுவருதான்க்கா."

ஆல்பம்காரி எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "க்ராப்ப ஆன் பண்ணது யாரு?" என்றாள்.

அவன் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, எனக்கே தெரியும். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து நான் அந்தச் சண்டையைக் கேட்டிருக்கிறேன். புது கேமராவில் முதன்முதலாக எடுத்த படங்கள் நாலு மூலையும் கறுத்து, குழாய் வழியாக எட்டிப் பார்த்த மாதிரி வந்தன. நூற்றுக்கணக்கான படத்தில் உட்கார்ந்து மூலையை வெளுக்க எனக்கென்ன தலையெழுத்தா என்று அவள் கத்தினாள். கேமராவைப் பிடுங்கி மெனுவைத் துழாவி க்ராப்பை ஆன் செய்தவள் அவள்தான். "இனிமே மூலை கறுக்காது, நானும் திட்டமாட்டேன்" என்று சிரிக்கவும் செய்தாள். அவன் 'ம்' என்றதாகத்தான் ஞாபகம்.

"நான்தான்" என்றாள். வலது கைக் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். "இந்த விரலாலதான்க்கா அமுக்கினேன்."

உன் தப்பு இல்லை என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் மழை விடவில்லை. அவள் கடைக்கு வந்தாள், உட்கார்ந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அடையாள அட்டைப் படங்களை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். மூக்கைத் துடைத்துவிடுவது, கோணல் காலரை நேராக்குவது என்று மௌஸ் சத்தம் மட்டும் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. வழக்கமாக அவள் அந்தப் பிள்ளைகளோடு பேசுவாள், "டேய், பல்ல காட்டாதடா" என்று. இப்போது ஒரு சத்தமும் இல்லை. மதியம் நான் ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுபோய் வைத்தால் முட்டையின் ஓட்டை மட்டும் உரித்து வைத்துவிடுவாள். பிளாஷ் டீ போட்டான், ஆறியதைக் கொட்டினான், டம்ளரைக் கழுவினான், மறுபடி டீ போட்டான். ஒருதரம் வெளியே வந்து என்னிடம், "அவ சாப்பிட்டாளாக்கா?" என்று கேட்டான்.

"உன் பொண்டாட்டிதானே, நீ கேளு" என்று வெடுக்கென்று சொன்னேன். அவன் அந்த லென்ஸைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தான். வாய்க்கு மூடியும் போடவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் மௌஸ் சத்தம் சட்டென்று நின்றது.

"அக்கா" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "நாலு கிளிக் கேட்டேன்னு உங்ககிட்ட சொன்னேனா?"

"சொன்ன. எண்ணினேன்னு சொன்ன."

"இங்க மூணுதான் இருக்கு."

நான் கண்ணாடி அறுக்கும் வைரப்பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். அவள் திரையில் வரிசையைக் காட்டினாள். எழுநூற்றுப் பதினெட்டுக்கு அடுத்தது எழுநூற்று இருபது. இருபதில் சாப்பாட்டு மேஜையும் கழுவி அடுக்கிய தட்டுகளும் இருந்தன. கேமரா எண் போடுவதில் தவறாது, நடுவில் ஒன்று இல்லையென்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிளாஷ் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"எழுநூத்திப் பத்தொம்பது எங்க?"

அவன் திருதிருவென்று விழித்து என்னைப் பார்த்தான், நான் ஏதோ காப்பாற்றிவிடுவேன் என்பதுபோல. "அழிஞ்சிருக்கும்" என்றான்.

"கண்ணு மூடின படத்தையே பத்து வருஷமா அழிக்காம வச்சிருக்கிற ஆளு நீங்க. எங்க?"

"நீ பாக்க வேண்டாம்."

"குடு" என்றாள். அவனை அவள் நீ என்று ஒருமையில் பேசியதை நான் அன்றுதான் கேட்டேன். "நீ எடுத்ததுல நான் பாக்காத படம்னு ஒண்ணு உண்டா? குடு."

சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தான். இத்தனை நாளும் அதை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

படம் திறந்தது. அது மற்றவை போல இல்லை. அகலமாக இருந்தது, இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டு, நாலு மூலையும் கரியாக இருந்தன. க்ராப்பை ஆஃப் செய்துவிட்டு எடுத்த படம். நடுவில் பத்துப் பேரும் பளிச்சென்று சிரித்தார்கள். ஆல்பம்காரி தன் நாற்காலிக்கு வலது பக்கத்து இருட்டைப் பெரிதாக்கினாள். பிறகு வெளிச்சத்தைக் கூட்ட ஆரம்பித்தாள், கொஞ்சம் கொஞ்சமாக. கறுப்பு சாம்பலானது. சாம்பலிலிருந்து சுவர் வந்தது, திரைச்சீலை வந்தது, பால்கனிக் கதவு வந்தது.

நாற்காலிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டு எட்டு தள்ளி, படத்தின் கடைசி விளிம்பில், ஒரு முதுகு. தேய்த்த சட்டை, சவரம் செய்த பிடரி. ஒரு ஷூவின் குதிகால் தரையிலிருந்து எழும்பியிருந்தது.

அவள் நாற்காலியோடு பின்னால் போனாள், சுவரில் முட்டி நின்றது.

"எங்க போறாரு?" என்றாள். அவர் இப்போதுதான் போய்க்கொண்டிருக்கிறார் என்பது மாதிரி கேட்டாள். "எங்க போறாருங்க?"

"மாமான்னு கூப்பிட்டேன்" என்றான் பிளாஷ்.

குடையை மூலையில் சாய்த்துவிட்டுத் தொடர்ந்தான். "மூணு எடுத்தப்புறம் கட்டத்தப் பாத்தேன். அப்பத்தான் உறைச்சுது, அவர் வெளிய நிக்கிறாருன்னு. க்ராப்ப ஆஃப் பண்ணிட்டு, இன்னும் ஒண்ணே ஒண்ணு மாமான்னேன். அவர் நேரா லென்ஸப் பாத்தாரு. என்னைத்தான் பாத்தாரு. அப்படியே திரும்பிட்டாரு. அதுக்குள்ள விரல் அமுக்கிருச்சு."

"ஏன் சொல்லல?"

"அவர லென்ஸ் தின்னுருச்சுன்னே இருக்கட்டும்னு விட்டேன். அவர் நின்னாருன்னு நீ ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்த."

"பழி எம்மேல வந்துச்சே. மூணு நாளா எங்கப்பாவ நானே வெட்டிட்டேன்னு செத்துட்டு இருக்கேனே. பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"எம்மேல வரும்னுதான் நினைச்சேன். க்ராப் விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கும்னு நினைக்கல. நீ அந்த விரலத் தூக்கிப் பாத்தப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல."

"அப்ப முதல் மூணுக்கு?"

"நின்னாரு. என் கண்ணால பாத்தேன்."

"எப்படி நம்புறது? ஒண்ண மறைச்ச ஆளு, இல்லாத ஒண்ணச் சொல்ல எவ்வளவு நேரம்?"

எனக்கு இருவர் மேலும் கோபம் வரவில்லை. அந்த முதுகின் மேல்தான் வந்தது. இறந்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். என் கடைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நான் வாயாரத் திட்டினேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு மாமாவைத் தாங்க முடியாத உடம்பா அது என்று சொல்லிக்கொண்டே அட்டையில் போட்ட கோடு கோணிப்போனது.

மறுநாள் வெயில் அடித்தது. ஆல்பம்காரி வந்து, "அண்ணன் கேக்குறாரு. அப்பா இல்லாட்டியும் அந்தப் படத்தப் போட்டுக் குடுத்துருங்கக்கா. பத்துன்னே எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சரியென்று லேபிலிருந்து வந்திருந்த அந்தப் பதினேழாம் படத்தை மேஜையில் விரித்தேன்.

கண்ணாடி வைக்கும் முன்னால் படத்தில் தூசி, முடி ஏதாவது இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். ஓரங்களைக் கூடுதலாகப் பார்ப்பேன், ஏனென்றால் பிரேமின் உதடு அந்த ஓரத்தைக் கவ்விக்கொண்டால் பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை. இடது ஓரம் சுத்தம். மேல் ஓரம் சுத்தம். வலது ஓரத்தில் அவள் தோளுக்குப் பின்னால் நாற்காலி முதுகின் மேல்கட்டை தெரிந்தது. கறுத்த மரம். அதன் முனையில் செதுக்கின மாதிரி சின்னச் சின்னக் குமிழ்கள். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியதால் எல்லாம் பொரிபொரியாக இருந்தது. தச்சன் இப்படியெல்லாம் குமிழ் வைப்பானா என்று இன்னும் குனிந்தேன். குமிழுக்கு நகம் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் இருவரும் ஓடி வந்துவிட்டார்கள். கண்ணாடி உடைந்து கையை அறுத்துக்கொண்டேன் என்று நினைத்து பிளாஷ் துணியோடு வந்திருந்தான். நான் பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்து இடத்தைக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆள்காட்டி விரல் வளைஞ்சிருக்கு" என்றாள். "முப்பது வருஷம் டிக்கெட்ல ஓட்டை போட்டு வளைஞ்ச விரல். எங்கப்பா விரல்தான்க்கா. என் நாற்காலியப் பிடிச்சிருக்காரு. எனக்குத் தெரியவே இல்ல."

மூவரும் கம்ப்யூட்டருக்குப் போனோம். அவள் பதினாறைப் பெரிதாக்கினாள். நாற்காலி முனையில் இரண்டு விரல், தொட்டும் தொடாமலும். பதினேழில் மூன்று. பதினெட்டில் நாலு விரலும் கட்டையின் மேல் படிந்திருந்தன, அவள் தோளுக்கு ஒரு சாண்கூட இல்லை. ஒவ்வொரு கிளிக்குக்கும் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்திருக்கிறது. நேற்று வாயாரத் திட்டினேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பிளாஷ் திரையைப் பார்த்தபடி நின்றான். "நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா அடுத்ததுல தோள் மேல வச்சிருப்பாரு" என்றான்.

"வச்சிருக்கலாம். வைக்காமலும் போயிருக்கலாம்" என்றாள் அவள். "நான் திரும்பிப் பாக்கவே பயந்தேன். நீங்க கூப்பிட்டீங்க."

"அந்தப் பத்தொம்பத அழிச்சிரட்டுமா?"

"எதுக்கு?"

"முதுகுதானே இருக்கு."

"அழிக்காதீங்க. அதுவும் எங்கப்பாதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு மௌஸைப் பிடித்தாள். "அக்கா, பதினேழு வேண்டாம். பதினெட்ட லேபுக்கு அனுப்புறேன், அதுக்குப் பிரேம் போடுங்க."

"அதுல உங்கண்ணன் பையன் கண்ணு மூடியிருக்கானே?"

"மூடட்டும்."

இரண்டு நாளில் புதுப் படம் வந்தது. ஜன்னல் அட்டை வெட்டவில்லை. பெரிய அட்டையை அடியில் கொடுத்து அதன் நடுவில் படத்தை ஒட்டினேன், நாலு ஓரமும் எதன் கீழும் போகாமல் வெளியே இருக்கும்படி. கண்ணாடி படத்தை அழுத்தாமல் இருக்க மெல்லிய குச்சிகள் கொடுத்தேன். அரை நாள் வேலை ஒன்றரை நாள் ஆனது. முடித்துத் திருப்பிப் போட்டுப் பென்சிலை எடுத்தேன். தலை பத்துதான், சந்தேகமில்லை. ஆனாலும் பதினொரு பேர் என்று எழுதினேன்.

ஆல்பம்காரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடை வாசலில் பிளாஷ் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான், படத்தை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோக. அவள் என் கையிலிருந்து பென்சிலை வாங்கினாள். பதினொன்றை அடித்துவிட்டுப் பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதினாள்.

"படம் எடுத்தவர விட்டுட்டீங்களேக்கா" என்றாள்.

நான் கடைசி ஆணியை அடித்தேன்.